பொழுது மயங்கிய நிலத்தில் ஓர் இளவேனில் தோட்டம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

குறுந்தொகையின் 66ஆம் பாடலில் கொன்றை மரங்கள் பூத்து நிற்கின்றன. கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லிச் சென்ற தலைவன் இன்னும் மீளவில்லை. கார்காலத்துக்குரிய கொன்றையோ மலர்ந்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி அவளைத் தேற்ற முனைகிறாள். இது கார்காலம் அன்று. பருவம் அல்லாத நாளில் பெய்த மழையைக் கார் என்று நம்பி இம்மரங்கள் அறியாமையால் பூத்துவிட்டன என்பது அவள் கூற்றின் சாரம். பருவம் கண்டு அழிந்தவளைப் பருவம் அன்று எனத் தோழி வற்புறுத்தியது என்பது பாடலின் துறைக்குறிப்பு. பருவம் உண்மையில் வந்துவிட்டது என்பதைத் துறைக்குறிப்பே காட்டிக்கொடுக்கிறது. கொன்றை ஏமாறவில்லை. அன்பின் பொருட்டு ஒரு பொய் சொல்லப்படுகிறது, அவ்வளவே.

தோழியின் அந்தப் பொய் இன்று வடபுலத்துக் குளிர்நாடுகளில் மெய்யாகி வருகிறது. அங்கே மரங்கள் உண்மையாகவே ஏமாறுகின்றன. பருவம் அல்லாத வெம்மையைப் பருவம் என்று நம்பிப் பூக்கின்றன. பின்வரும் உறைபனியில் பூவோடு பிஞ்சையும் இழக்கின்றன. அத்தகைய நிலத்தில் இளவேனிலுக்கு ஒரு தோட்டத்தைத் திட்டமிடுவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள். தோட்டக்கலையைப் பற்றிய பேச்சுக்கு இலக்கிய வட்டத்தில் என்ன வேலை என்று எவரேனும் வினவலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்த மரபைச் சேர்ந்த அவையில், பொழுது தன் இடம் பெயர்வதைப் பற்றிப் பேசாதிருப்பதற்கே காரணம் தேட வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் நிலம் கனடாவின் ரொறன்ரோ நகரமும் அதனைச் சூழ்ந்த தென் ஒன்ராறியோவும் ஆகும். ஒன்ராறியோ ஏரியின் வடகரையில், ஏறத்தாழ 43 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி அமைந்த நகரம் அது. தமிழர் பெருந்தொகையாக வாழும் நகரமுமாகும். தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துச் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் யூன் நடுப்பகுதி வரையிலான அவ்விரு மாதங்களே ரொறன்ரோவின் வசந்தமும் ஆகும். பெயர் பொருந்துகிறது, ஆயினும் பொழுதின் இயல்பு முற்றிலும் வேறானது. அங்கே இளவேனிலின் முதற்பாதியில் பகல் வெயிலும் இரவு உறைபனியும் அடுத்தடுத்து வரும். தோட்டம் போடுவோரின் கலை முழுவதும் அவ்விரண்டுக்கும் இடையே நடப்பதேயாகும்.

முதலிற் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. குளிர்நாட்டில் இளவேனில் தோட்டம் இளவேனிலில் தொடங்குவதன்று. முந்திய ஆண்டின் இலையுதிர்காலத்தில், செப்ரெம்பர் இறுதிக்கும் நவம்பருக்கும் இடையில், நிலம் உறைவதற்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது. சினோடிராப், குரோக்கஸ், டஃபொடில், ரியூலிப் முதலியவற்றின் கிழங்குகள் அப்பொழுதே மண்ணுக்குள் இடப்பெறுகின்றன. கிழங்கின் உயரத்தைப்போல் மும்மடங்கு ஆழம் என்பது பொது விதி. ரியூலிப்புக்கு அது 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆகும். இட்டபின் மேலே மண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து வரப்போகும் நிறத்தை மனத்தில் மட்டுமே வைத்துக்கொண்டு, விறைத்த விரல்களால் பழுப்பு நிறக் கிழங்குகளைப் புதைப்பது ஒருவகை நம்பிக்கைச் செயல்.

1945ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நெதர்லாந்து கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவுக்கு 100,000 ரியூலிப் கிழங்குகளை அனுப்பியது. போர்க்காலத்தில் தம் அரச குடும்பத்துக்கு அந்நகரம் அளித்த அடைக்கலத்துக்கு அது நன்றிக்கடன். கொடை வந்த நாளில் அதில் ஒரு பூவும் இல்லை. அடுத்த இளவேனில் வரும், அதற்கு முன் போதிய குளிரும் வரும் என்ற உறுதியே அக்கொடையின் உள்ளீடு.

போதிய குளிர் என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். ரியூலிப்பின் பிறப்பிடம் கடுங்குளிர் நிலவும் நடு ஆசிய மலைகள். அதன் கிழங்கு 12 முதல் 16 வாரங்கள் குளிரில் கிடந்தாலன்றித் தண்டு முறையாக நீளாது; பூ மண்ணை ஒட்டிக் குன்றிப்போகும். வெப்பநாடுகளில் அதனை வளர்க்க விரும்புவோர் குளிர்பெட்டியில் கிழங்கை உறங்கவைத்து எடுக்கின்றனர். குளிர் பூவுக்குப் பகை என்று வெப்பநிலத்தில் பிறந்தோர் எண்ணுவது இயல்பு. உண்மையில் அப்பூவுக்குக் குளிர் செவிலித்தாய். வசந்தத்தைத் திட்டமிடுவோர் முதலில் அறிய வேண்டியது குளிரின் பயன்தான்.

மரங்களின் நிலையும் இதுவே. அப்பிள், செரி போன்ற மரங்களின் மொட்டுகள் குளிர்காலத்தில் உறங்குகின்றன. அவ்வுறக்கம் இரு பகுதிகளைக் கொண்டது. முற்பகுதியில் மொட்டு உள்ளிருந்தே பூட்டப்பட்டிருக்கிறது. உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிரில் கழியும் நேரத்தை மரம் ஒரு கணக்கைப்போல் சேர்த்துவருகிறது. அக்கணக்கு நிறையும்வரை, இடையில் எத்தனை வெம்மையான நாள் வந்தாலும் மொட்டு விழிக்காது. கணக்கு நிறைந்தபின் பிற்பகுதி தொடங்குகிறது. இப்பொழுது மொட்டை அடக்கிவைத்திருப்பது புறத்தே உள்ள குளிர் மட்டுமே. வெம்மை வந்தால் விழித்துவிடும். பீச் போன்ற சில மரங்கள் பகலின் நீளத்தையும் ஒரு சான்றாகக் கேட்கின்றன. நாள் போதிய அளவு நீளாமல் அவை எளிதில் தளிர்ப்பதில்லை. பழமரங்கள் பலவும் அத்துணை எச்சரிக்கை உடையன அல்ல. வெம்மையைக் கண்டால் அவை நம்பிவிடுகின்றன.

நம்பிக்கையின் விலை என்ன என்பதை 2012ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தின் நடுப்பகுதியில் தென் ஒன்ராறியோவில் பகல் வெப்பம் பல நாள்கள் 20 பாகை செல்சியஸைக் கடந்தது. வழமையாக அம்மாதத்தில் நண்பகல் வெப்பம் ஐந்து பாகையை ஒட்டியே நிற்கும். மக்கள் மேலங்கிகளைக் களைந்து பூங்காக்களில் நிறைந்தனர். அப்பிள் மரங்கள் வழமைக்குச் சில வாரங்கள் முன்னதாகவே அரும்பு விரித்தன. ஏப்ரலில் உறைபனி மீண்டும் வந்தது. ஒன்ராறியோவின் அப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 80 விழுக்காடு அவ்வாண்டு அழிந்தது. ஏரிகளுக்கு அப்பால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இழப்பு அதனினும் மிகுதி. நடுக்குளிர்காலத்தில் உறங்கும் அப்பிள் மொட்டு உறைநிலைக்குக் கீழே 25 பாகையையும் தாங்கவல்லது. முழுமையாக மலர்ந்த பூவோ உறைநிலைக்குக் கீழே இரண்டு பாகையிலேயே சாகத் தொடங்குகிறது. நான்கு பாகையை எட்டினால் பத்தில் ஒன்பது பூ கருகிவிடும். பனிக்காலம் முழுவதையும் வென்று நின்ற மரம் ஒரு ஏப்ரல் இரவில் தோற்பதன் காரணம் இதுவே.

இதனைப் பொய் வசந்தம் என்று கூறலாம். வெப்பநாட்டிலிருந்து குடிபெயர்ந்து, வாசலில் குவிந்த பனியை ஆண்டுதோறும் வாரித்தள்ளி அலுத்தவர்களுக்கு, உலகம் வெப்பமடைகிறது என்ற செய்தி முதலில் கேடாகத் தோன்றுவதில்லை. சற்று முந்தி வரும் வசந்தம் எவருக்குத்தான் கசக்கும்? இக்கருத்தை எளிதில் தள்ளிவிடலாகாது. அதில் மனித இயல்பு உண்டு. ஆயினும் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். வசந்தம் முழுவதும் ஒன்றாக முந்தி வருமாயின் இழப்பு இல்லை. பூ முந்துகிறது, உறைபனியின் கடைசி இரவு அதே அளவுக்குப் பின்வாங்குவதில்லை. இடர் அந்த இடைவெளியில் இருக்கிறது. அல்பேற்றா மாகாணத்தில் 1936 முதல் 2006 வரையிலான பூக்கும் நாள்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, முதலில் பூக்கும் ஆஸ்பென் மரம் முதலியன எழுபது ஆண்டுகளில் இரண்டு வாரம் முந்திவிட்டன என்றும், பின்னே பூப்பவை ஆறு நாளுக்குமேல் முந்தவில்லை என்றும் கண்டது. முந்தியவை பின்பனியின் உறைவுக்குக் கூடுதலாக ஆளாகின்றன என்பதும் அதன் முடிபு.

பொய் வசந்தம் பூவைக் கருக்குவதோடு நிற்பதில்லை. சில ஆண்டுகளில் பூவையே தோன்றாமற் செய்துவிடுகிறது. ரொறன்ரோவின் ஹைபார்க் பூங்காவில் நிற்கும் செரி மரங்கள், 1959இல் தோக்கியோ நகர மக்களின் பெயரால் யப்பானியத் தூதுவர் வழங்கிய 2,000 மரங்களின் வழிவந்தவை. ஆண்டுதோறும் அவற்றைக் காணப் பெருங்கூட்டம் திரள்கிறது. 2016ஆம் ஆண்டு வசந்தத்தில், வெம்மையும் குளிரும் மாறிமாறி அலைக்கழித்தமையால், அம்மரங்களிற் பெரும்பாலானவை பூவின்றி இலையை மட்டும் விட்டன. காண வந்தோர் பசுமையைக் கண்டு திரும்பினர்.

இனி, தோட்டம் போடுவோர் இதுகாறும் நம்பிவந்த வழிகாட்டிகளை நோக்குவோம். முதலாவது நாட்காட்டி. மே 25க்கு முந்திய திங்கட்கிழமை கனடாவில் விக்ரோறியா நாள் எனப்படும் விடுமுறை. தக்காளி, மிளகாய், கத்தரி போன்ற பனி தாங்காத நாற்றுகளை அந்நாளுக்குமுன் வெளியில் நடலாகாது என்பது தென் ஒன்ராறியோவின் வழமை. தமிழ் இல்லங்களில் குளிர்காலம் முழுவதும் யன்னலோரம் காத்துக்கிடந்த கறிவேப்பிலைச் சாடி முற்றத்துக்கு வருவதும் அந்நாளை ஒட்டியே. கடைசி உறைபனி நாள் என்று அச்சிடப்படும் தேதியோ பழைய ஆண்டுகளின் சராசரி மட்டுமே. சராசரித் தேதி என்பதன் பொருள், ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதற்குப் பின்னரும் உறைபனி வந்துள்ளது என்பதாகும். அதனை உறுதிமொழி என்று கொண்டவர்கள் நாற்றை இழந்தனர்.

இரண்டாவது வழிகாட்டி, எந்தச் செடி எவ்விடத்தில் குளிரைத் தாங்கும் எனக் காட்டும் வலய வரைபடம். கனடா 1967இல் இத்தகைய வரைபடத்தை முதன்முதல் வெளியிட்டது. குளிர்காலத்தின் கடுங்குளிரோடு, உறைபனியற்ற நாள்களின் தொகை, கோடை மழை, பனிப்போர்வை, காற்றின் விசை முதலிய ஏழு கூறுகளைக் கருதி அது வரையப்பட்டது. 2014இல் அது திருத்தப்பட்டபோது பல இடங்கள் முன்னிலும் மென்மையான வலயங்களுக்கு மாறியிருந்தன. அமெரிக்காவில் 2023இல் வெளியான புதிய வரைபடத்திலும் நாட்டின் ஏறத்தாழப் பாதிப் பரப்பு அரை வலயம் வெப்பப் பக்கம் நகர்ந்தது. இம்மாற்றத்தைக் கண்டு, முன்பு வளர்க்கவியலாத தென்புலத்துச் செடிகளை வாங்கிக் குவிப்போர் உண்டு. வரைபடம் சராசரியைச் சொல்கிறது. செடியைக் கொல்வது சராசரி அன்று, ஒற்றை இரவு.

வெம்மை கூடுவதால் வேருக்குக் குளிர் கூடும் என்பது மற்றொரு முரண். கேட்க விந்தையாக இருப்பினும் அது உண்மை. பனிப்பொழிவு நிலத்துக்குப் போர்வை. தளர்வாக விழுந்த பனியின் இடையே சிறைப்பட்ட காற்று, மேலே கடுங்குளிர் நிலவும்போதும் மண்ணின் வெப்பத்தைக் காக்கிறது. குளிர்காலம் மென்மையாகிப் பனிக்குப் பதில் மழை பெய்தால் அப்போர்வை இல்லாது போகிறது. அதன்பின் வரும் ஒரு கடுங்குளிர் வெற்று நிலத்தில் நேரே இறங்குகிறது. மண் உறைந்தும் உருகியும் விம்முவதால் இளஞ்செடிகள் வேரோடு மேலே தள்ளப்படுகின்றன. ஆகவேதான் தேர்ந்த தோட்டக்காரர் உதிர்ந்த இலைகளையும் வைக்கோலையும் நிலம் உறைந்தபின் பரப்புகின்றனர். மண்ணுக்குச் சூடு ஊட்டுவது அவர்தம் நோக்கமன்று. உறைந்த மண் இடையிடையே உருகிவிடாமல், உரிய காலம்வரை உறங்கவைப்பதே நோக்கம். பருவத்துக்கு முந்தி விழிக்கவிடாமல் காப்பதும் பேணுதலின் ஒரு முறை.

வீட்டுத் தோட்டத்தின் எல்லைக்கு அப்பால், காட்டின் தரையிலும் இம்மயக்கம் நிகழ்கிறது. மூன்று இதழும் மூன்று இலையும் கொண்ட வெண்ணிற ரில்லியம் 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ. மேப்பிள் முதலிய பெருமரங்கள் தளிர்த்து நிழல் பரப்புவதற்குமுன், வெறுங்கிளைகளூடே தரைக்கு வெயில் கிட்டும் சில வாரங்களில் அது தன் ஓராண்டு உணவின் பெரும்பகுதியைத் தேடிக்கொள்கிறது. விதையிலிருந்து முளைத்த ரில்லியம் முதற்பூவைத் தர ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். அதன் விதையைச் சுமந்து பரப்புவன எறும்புகள். இத்துணைப் பொறுமையோடு வாழும் செடிக்கு அச்சில வாரங்களே செல்வம். அமெரிக்காவின் கொன்கோட் ஊரில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோறோ 1850களில் எழுதிவைத்த பூக்கும், தளிர்க்கும் நாள்களின் குறிப்புகளைக்கொண்டு நிகழ்த்தப்பெற்று 2019இல் வெளியான ஆய்வு, வெம்மை கூடக்கூட மரங்கள் தரைப்பூக்களைவிட விரைந்து முந்துகின்றன எனக் காட்டியது. நிழல் விரைந்து வருகிறது. பூவின் வெயில்நாள்கள் சுருங்குகின்றன. ஒரே காட்டில் நெடுங்காலம் ஒத்திசைந்து வாழ்ந்த இரண்டு உயிர்கள் இன்று வெவ்வேறு வேகத்தில் நடக்கின்றன.

இவ்வாறு பொழுது மயங்கும்போது திட்டமிடுவோர் செய்யத்தக்கது யாது? தேதியைவிட அறிகுறியை நம்புவது முதற்பணி. பட்டாணி ஏறத்தாழ ஐந்து பாகை வெப்பமுள்ள மண்ணிலேயே முளைக்கும். பசளிக்கீரைக்கும் குளிர்ந்த மண் போதும். தக்காளிக்கு மண் பதினைந்து பாகையையேனும் எட்ட வேண்டும். மண்ணில் செருகும் எளிய வெப்பமானி ஒன்று அச்சிட்ட நாட்காட்டியைவிட அங்கே நல்ல துணை. கருவிகள் இல்லாத காலத்து மக்கள் இதே அறிவை வேறு வகையில் வைத்திருந்தனர். ஓக் மரத்தின் தளிர் அணிலின் காதளவு விரிந்தால் சோளம் விதை என்பது வட அமெரிக்க முதுமொழி. பொன்னிற போர்சித்தியா பூக்கும்போது ரோசாவைக் கத்தரி என்பது மற்றொன்று. ஒரு செடியின் நிலையைக்கொண்டு மற்றொன்றுக்கு வேளை குறிக்கும் இவ்வழக்கு, கருப்பொருளைக்கொண்டு பொழுதை உணர்த்தும் தமிழ்ச் செய்யுள் நெறிக்கு அயலானதன்று.

இடத்தை அறிந்து நடுவது இரண்டாம் பணி. தென்புறச் சுவரை ஒட்டிய நிலம் முந்தி வெப்பமுற்றுச் செடியை முந்தி எழுப்பும். அங்கே குரோக்கஸ் வைக்கலாம்; உறைபனி பட்டாலும் அது பெரும்பாலும் தாங்கும். முந்திப் பூத்துக் கெடும் பழமரத்தை அங்கே வைத்தல் தவறு. வடபுறச் சரிவில் மண் மெல்ல வெப்பமுறுவதால் மரம் பிந்திப் பூத்துத் தப்பும். குளிர்காற்று கனமானது; இரவில் நீரைப்போல் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆதலால் பள்ளத்தில் பழமரம் வைக்கலாகாது. இவையெல்லாம் பழைய அறிவே. முன்பு விளைச்சலைக் கூட்டுவதற்கு உதவிய அவ்வறிவு இன்று விளைச்சலைக் காப்பதற்கே இன்றியமையாததாகிவிட்டது.

ஒரே நாளில் பூப்பவற்றை மட்டும் நம்பாதிருப்பது மூன்றாம் பணி. மார்ச்சில் எழும் சினோடிராப் முதல் யூனில் விரியும் பியோனி வரை, முந்துவதும் நடுவதும் பிந்துவதுமாகக் கலந்து வைத்த தோட்டத்தில் ஓர் இரவின் உறைபனி எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாது. ஏதேனும் ஒன்று எஞ்சும். ரியூலிப் கிழங்கை அணில் தோண்டித் தின்னும். நஞ்சுடைய டஃபொடிலை அது தீண்டாது. அவ்விரண்டையும் கலந்து நடுவோர் அணிலின் பங்கையும் கணக்கில் எடுத்தவராகின்றனர். பழைய துணிகளைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்து, மேகமற்ற காற்றற்ற மாலைகளில் இளஞ்செடிகளை மூடுவது கடைசிக் காவல். முதல் வெம்மையிலேயே தோட்டத்தைத் துப்புரவாக்கிவிடாமல் காத்திருப்பதும் வேண்டும். சென்ற ஆண்டின் உலர்ந்த தண்டுகளுக்குள் சிறு தேனீக்கள் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதிவைப்பது நான்காம் பணி. இப்பணியே கவிஞர்க்கு உரியது. யப்பானின் கியோத்தோ நகரில் செரி மலர்ந்த நாள்களின் தொடர் கி.பி. 812 வரை பின்னோக்கிச் செல்கிறது. அத்தொடரைப் பேராசிரியர் யசுயுக்கி அவோனோ எவற்றிலிருந்து திரட்டினார்? அரசவையினரும் துறவியரும் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்தும், பழைய வரலாற்றுக் குறிப்புகளிலிருந்தும், கவிதைகளிலிருந்துமே. பூவைக் கண்டு விருந்தயர்ந்தவர்கள் நாளையும் குறித்துவைத்தனர். அவர்களுட் காலநிலையை ஆராய எண்ணியவர் ஒருவரும் இலர். 2021இல் கியோத்தோவின் செரி மார்ச் 26ஆம் நாள் முழுமையாக மலர்ந்தபோது, ஆயிரத்திருநூறு ஆண்டுத் தொடரில் அதுவே மிக முந்திய நாள் என்று துணிந்து சொல்ல முடிந்தமைக்கு அக்கவிஞர்களே காரணர். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கல்வி மேற்பார்வையாளராயிருந்த அலெக்சாந்தர் மக்கே, பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு ஊர்தோறும் பூக்கும் நாள்களைக் குறிக்கச் செய்தார். 1923 வரை நடந்த அப்பணியின் ஏடுகள் பின்வந்த ஆய்வாளருக்குப் பெருஞ்செல்வமாயின. கொன்கோட்டில் தோறோ செய்ததும் அதுவே. அவர் குறிப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர் 2008இல், அவ்வூர்ப் பூக்கள் சராசரியாக ஒரு வாரம் முந்திவிட்டன என வெளியிட்டனர். தோறோவின் கட்டுரைகளைப் படித்தவர்கள் அவருடைய பூப்பட்டியல்களைப் பயனற்ற முயற்சி என்று ஒருகாலத்தில் ஒதுக்கியிருக்கலாம். இன்று அவையும் அவர் எழுத்தின் உயிர்ப்பகுதி.

முதற்பொருளுள் நிலம் மயங்காது என்றும் ஏனையவை மயங்குதல் விலக்கப்படாது என்றும் தொல்காப்பிய மரபு கூறும். குளிர்நாட்டின் இன்றைய நிலையை அவ்விதி வியக்கத்தக்க வகையில் தொடுகிறது. ஏரி இருந்த இடத்தில் இருக்கிறது. காடும் மண்ணும் இருந்த இடத்தில் இருக்கின்றன. பொழுதுதான் மயங்குகிறது. ஆனால் செய்யுளில் பொழுது மயங்குவது கவிஞரின் உரிமை. அதனால் பொருள் சிறக்கும். நிலத்தில் அது மயங்குவதோ மனிதர் எரித்த நிலக்கரியின், எண்ணெயின் விளைவு. அதனால் பூவும் பிஞ்சும் கெடும். இரண்டும் ஒன்றல்ல. இளவேனில் என்ற சொல்லைக் கையாளும் கவிஞர், அது மாறாத ஒரு குறியீடு என்ற பழைய நம்பிக்கையில் இனி எழுத முடியாது. எந்த ஆண்டின் இளவேனில், எந்த நிலத்தின் இளவேனில் என்ற வினா அச்சொல்லோடு சேர்ந்துவிட்டது.

வட்டத்துக்கு இன்று பத்து வயது. பத்து இளவேனில்கள் கடந்துள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றிலும் உறுப்பினர் ஒருவர் தம் தெருவில் நிற்கும் ஒரு மரத்தை மட்டும் தேர்ந்து, அது முதற்பூ விட்ட நாளைக் குறித்திருந்தால் இன்று பத்துத் தேதிகள் கையில் இருக்கும். முப்பது ஆண்டுச் சராசரியையே காலநிலை என்று அறிவியலார் கொள்வர். பத்து என்பது அதில் மூன்றிலொரு பங்கு. கடந்த தேதிகளை இனி மீட்க முடியாது. நினைவில் இருப்பதெல்லாம் அவ்வாண்டு நல்ல வசந்தம், இவ்வாண்டு பிந்திய வசந்தம் என்ற அளவே. வரும் ஆண்டு முதல் அவற்றை எழுத முடியும். ஒரு குறிப்பேடு, ஒரு மரம், ஒரு தேதி. பதினோராம் ஆண்டின் பணியாக வட்டம் இதனை ஏற்குமாயின், முப்பதாம் ஆண்டு மலரில் இருபது வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இடம்பெறும். அம்மலரில் வரும் கவிதைகளுக்கு இணையாக அதுவும் படிக்கப்படலாம்.

குறுந்தொகைத் தோழியின் பொய் அன்பிற் பிறந்தது. ஒரு பெண்ணின் கலக்கத்தைச் சில நாள்கள் தள்ளிப்போட அது போதுமானதாயிருந்தது. இன்று, மார்ச்சில் பூத்த மரத்தைக் காட்டி வசந்தம் வந்துவிட்டது என்று மகிழ்வதும், அது மரத்தின் அறியாமை என்று கூறித் தேற்றிக்கொள்வதும் ஒருங்கே போதாதனவாகிவிட்டன. மரம் அறியாமை உடையதன்று. நெடுங்காலமாகத் தனக்கு வாய்மை தவறாத வானத்தை அது நம்பியது, அவ்வளவே. அதனை ஏமாறவிட்ட பொறுப்பு வேறிடத்தில் உள்ளது. அப்பொறுப்பை உணர்ந்தோர், இலையுதிர்காலத்தில் குனிந்து கிழங்கைப் புதைக்கின்றனர். உறைபனி இரவில் எழுந்து செடியை மூடுகின்றனர். பூத்த நாளை ஏட்டில் குறிக்கின்றனர். குளிர்நாட்டின் இளவேனில் தோட்டம் இன்று அவர்கள் கைகளில் இருக்கிறது.